வால் காட்டிய வழி

“குணா, துடுப்பை நிறுத்து. இந்த மரத்தை இப்பத்தான் தாண்டினோம்,” என்றாள் தேன்மொழி.

“எல்லா மரமும் ஒரே மாதிரிதான் இருக்கு. நீ என்ன, அதுங்களுக்குப் பேரா வெச்சிருக்கே?”

பிரேசில் நாட்டில் ரியோ நீக்ரோ ஆற்றை ஒட்டிய காடு அது. மழைக்காலத்தில் ஆறு பொங்கி வந்து காட்டுக்குள்ளேயே குடியிருந்துவிடும். மரங்களுக்கு நடுவே படகு போகும். தண்ணீரோ பால் ஊற்றாத டீயின் நிறம். முதலை வருமோ என்று பயப்பட வேண்டாம் கண்ணுகளா, இந்தக் கதையில் முதலை இல்லை.

அக்காவும் தம்பியும் சென்னைக் கொளத்தூரில் வண்ணமீன் பண்ணை வைத்திருப்பவர்கள். அவர்கள் தொட்டியில் பிறந்த கார்டினல் டெட்ராக்கள் வரவர வெளுத்துப்போயின. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன். மேலே நீலக் கோடு, கீழே தலை முதல் வால் வரை சிவப்பு. அந்தச் சிவப்பு குறையாத காட்டு மீனைத் தேடித்தான் இத்தனை தூரம் வந்தார்கள். உள்ளூரில் மீன் பிடிக்கும் ஜுரேமா கூட்டிவந்தாள். காலையிலேயே படகில் வைத்திருந்த தொட்டி நிறைய மீன் கிடைத்தும்விட்டது.

அப்போதுதான் வினை வந்தது. வலையை இழுக்க இறங்கிய ஜுரேமா, மணலில் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டாள். அதன் வால்முள் கணுக்காலில் ஏறிவிட்டது. கால் வீங்கி, காய்ச்சல் அடித்து, படகில் கிடந்து பினாத்துகிறாள். பொழுது சாய்வதற்குள் ஆற்றங்கரை ஊருக்குப் போய் நர்ஸிடம் சேர்க்க வேண்டும். வழி தெரிந்த ஒரே ஆள் அவள்தான். போனில் சிக்னல் இல்லை. கிளைகள் மூடியதில் சூரியன் எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை.

படகு ஒரு முறை உரசி, முங்கிக் கிடந்த மரத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. அசைத்துப் பார்த்தார்கள். நகரவில்லை.

“தொட்டிதான் கனம், அக்கா.”

தேன்மொழி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பண்ணையின் நம்பிக்கை முழுவதும் அதற்குள் மினுங்கிக்கொண்டிருந்தது. ஜுரேமா முனகினாள்.

“அந்தப் பக்கம் பிடிடா.”

தொட்டியைத் தண்ணீரில் கவிழ்த்தார்கள். படகு மிதந்தது. சிதறிய மீன்கள் ஒன்றையொன்று தேடிக் கூடி, எல்லாத் தலையும் இடப்பக்கம் பார்க்க நின்றன.

“அதுங்களுக்கு வழி தெரியுது போல. மூஞ்சி காட்டுற பக்கமே போவோம்,” என்றான் குணா.

போனார்கள். மரம் அடர்ந்தது, கொடிகள் முகத்தில் அறைந்தன. வழியில் கண்ட வேறு மீன்கூட்டங்களும் அதே பக்கம் பார்த்தே நின்றன. தேன்மொழி கையைத் தூக்கினாள்.

“இதுங்க எங்கேயும் போகலைடா, நிக்குதுங்க. நம்ம தொட்டியில பைப்பைத் திறந்தா என்ன பண்ணும்?”

“பைப்பைப் பார்த்துத் திரும்பும்.”

“தண்ணி வர்ற பக்கம். இப்ப வெள்ளம் வடியுற காலம், காட்டுத் தண்ணி ஆத்துக்குப் போகுது. மூஞ்சி காட்டுப் பக்கம், வால்தான் ஆத்துப் பக்கம்.”

குணா நாக்கைக் கடித்துக்கொண்டு படகைத் திருப்பினான். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் நின்றார்கள். மீன்கூட்டம் கண்ணில் பட்டதும் வாலைப் பார்த்துத் துடுப்புப் போட்டார்கள். மெல்ல வெளிச்சம் பெருகியது. மரங்கள் விலகின. எதிரே ஆறு, அகலமாக. கரையில் ஊர்.

நர்ஸ் ஜுரேமாவின் காலைச் சுடுதண்ணீரில் வைத்து, முள்துண்டை எடுத்து, ஊசி போட்டாள். மறுநாள் ஜுரேமா கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: “மீன் எங்கே?”

“காட்டிலேயே கொட்டிட்டோம்,” என்றான் குணா, அரைகுறை போர்த்துகீசிய மொழியில்.

அவள் கட்டுப்போட்ட காலை அசைத்துப் பார்த்தாள். “கால் ஆறட்டும், மறுபடி போவோம். நீங்க துடுப்புப் போடுங்க, நான் படுத்துக்கிட்டே திட்டிக்கிட்டு வரேன்.”

அப்படியே போனார்கள், மீனோடு திரும்பினார்கள். மீனை இன்னொரு நாள் பிடித்துக்கொள்ளலாம். கூட வந்தவரை வீடு சேர்ப்பது அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை.