நேற்று என்ன நடந்தது?

"நேற்றுக் காலை எந்தக் காலில் முதலில் செருப்பு மாட்டினீர்கள்?" என்று கேட்டது வாசல் கதவு.

கலியமூர்த்தி கொட்டாவி விட்டபடியே வலது காதுக்குப் பின்னால் இரண்டு தட்டுத் தட்டினார். காதுக்குள் ஒரு குரல் முணுமுணுத்தது.

"இடது காலில்," என்றார்.

"மிகச் சரி. உங்கள் மூளை நலமாக இருக்கிறது," என்று பாராட்டிவிட்டுக் கதவு திறந்தது. தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே முந்தாநாள் சாப்பாட்டைப் பற்றி விசாரித்திருந்தது. அடுப்பு, மைத்துனனின் பிறந்த ஊரைக் கேட்டுவிட்டுத்தான் பற்றிக்கொண்டது. நிலவின் தென்முனைக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் காலைப்பொழுது இப்படித்தான் போகும்.

இதற்குக் காரணம் நிலவுமறதி என்ற நோய். ஈர்ப்பு குறைந்த இடத்தில் வருடக்கணக்கில் வாழ்கிறவர்களின் மூளை மெல்ல மெல்லச் சோம்பிப் போகிறது என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். முதலில் யாரும் சட்டை செய்யவில்லை. ஒருநாள் பொறியாளர் ஒருவர் தலைக்கவசம் போட மறந்து, காற்றில்லா வெளிக்குப் போகும் கதவைத் திறந்தார். அதன்பிறகுதான் எல்லோரும் மருத்துவர்களிடம் ஓடினார்கள். நினைவைத் தினமும் தோண்டித் தோண்டி எடுங்கள், அதுதான் மூளைக்கு உடற்பயிற்சி என்றார்கள் மருத்துவர்கள். சொன்னால் எவன் செய்வான்? ஆகவே மூளைநலத் துறை கேள்விக்கதவுகளைக் கொண்டுவந்தது. விடை சொன்னால் வழி.

நேற்று என்ன நடந்தது என்பது கதவுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காக ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு நாட்பதிவியைப் பொருத்தினார்கள். கண்டது, கேட்டது எல்லாவற்றையும் அது நினைவுக் கிடங்குக்கு அனுப்பிவைக்கும். கேள்விகள் கதவுக்குப் போகும். விடைகளை மட்டும் யாரும் திருடிவிடக் கூடாதென்று கிடங்கிலேயே பூட்டி வைத்தார்கள்.

காதுக்குப் பின்னால் இரண்டு முறை தட்டினால் நாட்பதிவியே விடையைச் சொல்லிவிடும் என்பதை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. ஒரே மாதத்தில் குடியிருப்பு முழுவதும் தட்ட ஆரம்பித்துவிட்டது. கேள்விக்கும் பதிலுக்கும் நாட்பதிவியே பொறுப்பேற்றுக்கொண்டது. மனிதர்கள் வாயை மட்டும் வாடகைக்கு விட்டார்கள். துறைக்குத் தெரியாதா என்று கேட்கலாம். துறையின் தலைவரே கலியமூர்த்திதான். தட்டித் தட்டி அவர் காதுக்குப் பின்னால் தோல் காய்த்தே போயிருந்தது. இரண்டு தடவை 'ஞாபகச் செம்மல்' விருது வேறு வாங்கியிருந்தார்.

அன்று பிற்பகல் அபாயச் சங்கு ஊதியது.

சூரியப் புயல்! இன்னும் சற்று நேரத்தில் கதிர்வீச்சு வந்து கொட்டப்போகிறது. எல்லோரும் பாறைக்கு அடியில் இருக்கும் பாதாள அறைக்குப் போயாக வேண்டும். வெளியே மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு உயிரோடு திரும்பப் போவதில்லை. கலியமூர்த்தியின் அலுவலகம் பாதாள அறைக்குப் பக்கத்திலேயே இருந்ததால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதல் ஆளாக ஓடி வந்து கதவின் முன் நின்றார்.

"நேற்றிரவு சாப்பிடும்போது உங்கள் மனைவி உங்களிடம் என்ன சொன்னார்?" என்றது கதவு.

இரண்டு தட்டுத் தட்டினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி தட்டினார். அறைந்தே பார்த்தார். புயலுக்குப் பயந்து நினைவுக் கிடங்கு தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது.

தன் தலைக்குள் அவரே போய்ப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. இப்போது எட்டிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. நேற்று என்ற ஒரு நாள் இருந்ததற்கான அடையாளமே இல்லை.

அதற்குள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பள்ளித் தலைமையாசிரியை வேதவல்லி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்தார். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவரைக் கேட்டது கதவு. அம்மையார் வாயைத் திறந்தார், மூடினார். "ஐயையோ, நான் சாப்பிட்டேனா?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் காதைத் தட்டினார்கள், விழித்தார்கள், ஒதுங்கினார்கள்.

"சார், நீங்க ஞாபகச் செம்மல் ஆச்சே! உங்களை விட்டா எங்களுக்கு வேற கதி ஏது?" என்று அவரையே மறுபடி முன்னால் பிடித்துத் தள்ளினார்கள்.

கலியமூர்த்தி கண்களை இறுக மூடினார். பல்லைக் கடித்தார். முதலில் ஒரு வாசனை வந்தது. சேப்பங்கிழங்கு வறுவல். ஆமாம், வறுவல்தான்! பூமியிலிருந்து கபடி ஒளிபரப்பு. அவர் அதைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே செங்கமலம். பழுதுபார்ப்புப் பிரிவில் வேலை செய்துவிட்டுக் கறை படிந்த கையோடு வந்திருந்தாள். அவள் வாய் அசைகிறது. கை எதையோ சுற்றிக் காட்டுகிறது. அவர் "ம்" என்கிறார். என்ன சொன்னாள்? கடவுளே, என்ன சொன்னாள்?

கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டியால் துழாவுகிற மாதிரி துழாவிக்கொண்டே இருந்தார். சட்டென்று மாட்டியது.

"வந்துடுச்சு!" என்று கத்தினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். "பாதாள அறையின் கைப்பிடி இறுகிவிட்டது. கழற்றி எண்ணெய் போட்டு உங்கள் பையில் வைத்திருக்கிறேன். காலையில் போகிற வழியில் மாட்டிவிடுங்கள். கதவு மக்கர் செய்தால் கைப்பிடியைச் சுற்றினால் போதும், திறந்துவிடும்."

கூட்டம் கைதட்டியது. வேதவல்லி அவர் காலில் விழாத குறை.

"விடை பெறப்பட்டது," என்றது கதவு. "நினைவுக் கிடங்குடன் தொடர்பு இல்லை. விடை சரியா, தவறா என்று சொல்ல இயலாது. காத்திருக்கவும்."

கலியமூர்த்திக்கு ஆத்திரமாக வந்தது. சொந்த மூளையைக் கசக்கிப் பிழிந்து எடுத்த விடை! மறுபடி உரக்கச் சொன்னார். காத்திருக்கவும் என்றது கதவு. "இன்னும் நிறுத்தி நிதானமாச் சொல்லுங்க சார்," என்றார் ஒருவர். "எல்லாரும் சேர்ந்து சொல்லிப் பாப்போம்," என்றார் இன்னொருவர். "கைப்பிடி பையில் இருக்கிறது! கைப்பிடியைச் சுற்றினால் கதவு திறந்துவிடும்!" என்று கூட்டம் முழுவதும் ஒரே குரலில் கதவிடம் முறையிட்டது. மேலே விளக்குகள் மினுக்கி மினுக்கி அணையத் தொடங்கின. குழந்தைகள் வீறிட்டு அழுதன.

அப்போதுதான் குடியிருப்பின் மறுகோடியிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தாள் செங்கமலம்.

"என்னங்க இது, ஏன் எல்லாரும் வெளியவே நிக்கிறீங்க?"

"விடையைக் கரெக்டாச் சொல்லிட்டேன் செங்கமலம்! நீ சொன்னதுல ஒரு வார்த்தை விடலை. இந்தக் கதவுதான் ஒத்துக்க மாட்டேங்குது!"

செங்கமலம் அவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு நம்ப முடியவில்லை.

"அடப் பாவி மனுஷா! அந்தப் பையைத் திறந்து பாத்தீங்களா?"

கலியமூர்த்தி தன் தோளைப் பார்த்தார். பை அங்கேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நிலவில் இரும்புக்கும் கனம் தெரிவதில்லை.

அவள் பையைப் பிடுங்கி, கைப்பிடியை எடுத்துக் கதவில் மாட்டிச் சுற்றினாள். அது இன்னும் முரண்டு பிடித்தது. உள்ளங்கைத் தோல் உரிந்து ரத்தம் வடிய வடியச் சுற்றினாள். கதவு முனகிக்கொண்டே திறந்தது. கடைசி ஆள் உள்ளே நுழைந்ததும் புயல் வந்து அறைந்தது.

பாறைக்கு அடியில், மனைவியின் கையில் கட்டுப் போட்டுவிட்டபடி கலியமூர்த்தி விம்மினார். "இனிமே இந்தக் காதைத் தொடவே மாட்டேன் செங்கமலம். இது சத்தியம்."

மறுநாள் காலை எல்லாம் பழையபடி இயங்கியது. வீட்டுக்குப் போய்க் குளித்து, அலுவலகம் கிளம்பினார்.

"நேற்றுப் பிற்பகல் என்ன நடந்தது?" என்று கேட்டது வாசல் கதவு.

கலியமூர்த்தி மனைவியைப் பெருமையோடு திரும்பிப் பார்த்தார். காதைத் தொடாமல் முழுக் கதையையும் சொன்னார். புயல், கூட்டம், கைப்பிடி, ரத்தம் எல்லாம்.

"தவறு," என்றது கதவு. "இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் நீங்கள் மறதி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவீர்கள்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை தானாகவே காதுக்குப் பின்னால் போனது. இரண்டு தட்டு. கிடங்கு அணைந்திருந்த நேரத்துக்குப் பதிவு ஏது?

"எதுவும் நடக்கவில்லை," என்றார் கலியமூர்த்தி.

"மிகச் சரி. உங்கள் மூளை நலமாக இருக்கிறது."

அன்று அலுவலகக் கதவும் அதையே கேட்டது. கூட்ட அறையும் கேட்டது. காபி இயந்திரமும் கேட்டது. எல்லாவற்றுக்கும் அதே விடையைச் சொல்லிவிட்டு இரவு வீடு திரும்பினார். கபடி தொடங்கியிருந்தது. எதிரே செங்கமலம் இடது கையால் கரண்டியைப் பிடித்துத் தடுமாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கையில என்ன கட்டு?" என்று கேட்டார்.

செங்கமலத்தின் கரண்டி அப்படியே நின்றது. அவர் விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை. கரண்டியை வைத்துவிட்டு, நேற்று நடந்ததை முதலிலிருந்து ஒவ்வொன்றாக அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

"ம்," என்றார் கலியமூர்த்தி, ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.