அட்டைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அறைக்கு, ஞாயிறு மதியம் மூன்று மணிக்குப் பூட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பதினோரு வருடப் பழக்கம். கதவுப் பூட்டு அவர் கையால் செய்தது. சாவி ஒன்றே ஒன்று, அதுவும் அவரிடம். ஜன்னலைத் திறந்ததும் ரப்பர் வாடையும் மழை வாடையும் சேர்ந்து உள்ளே வந்தன. மேசைமேல் அட்டைத் தடுப்பை நிறுத்தி, அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

கதை நடத்துகிறவரின் இடம் அது. அவர் கதை சொல்லி, "என்ன பண்றீங்க?" என்று கேட்பார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் திருடனாகவோ வைத்தியச்சியாகவோ புகுந்து, பகடை உருட்டிப் பிழைப்பார்கள், இல்லையென்றால் சாவார்கள்.

ஆட வந்தவர்கள் முதலில் நான்கு பேர். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு முதுகுவலி. இரண்டும் ஒரே வியாதி என்பார் தபால்காரர். மிஞ்சியது தபால்காரரும் நர்ஸம்மாவும்தான். "ஒரு நாள் நான் நடத்துறேன், நீ ஆடுடா" என்றும் தபால்காரர் பூட்டுக்காரரிடம் அடிக்கடி சொல்வார். நடத்தாமலே மூன்று மாதம் முன்பு செத்துப்போனார்.

அதோடு ஆட்டத்தை நிறுத்துவது உலக வழக்கம். பூட்டுக்காரருக்கும் உலகத்துக்கும் அவ்வளவாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவரிடம் வாரம் முழுக்கப் பேசுவது சாவிகள்தான். அதனால் தபால்காரரின் பாத்திரமான விளக்குத் திருடனைச் சாகடிக்காமல், அவனுக்கும் தானே பகடை உருட்டிவந்தார்.

நர்ஸம்மா குடையை உதறிக்கொண்டு நுழைந்தாள்.

"அண்ணே, இன்னிக்குத்தான் கடைசி. வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

"அப்போ இன்னிக்கே சுரங்கத்த முடிச்சிடலாம்மா." அவர் குரல் துருப்பிடித்திருந்தது.

முடியவில்லை. கதையில் வந்த சுரங்கத்தின் கடைசிக் கதவு பூட்டியே கிடந்தது. நாலரைக்கு அவள் எழுந்தாள்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. அவரு குரல்ல பேசுறத மட்டும் விட்டுடுங்க. மூணு மாசமா பல்லக் கடிச்சுட்டு இருந்தேன்."

"எவரு குரல்ல?"

"திருடனுக்காக நீங்க தபால்காரர் மாதிரியே பேசுவீங்கல்ல, அதான். அந்த இருமல்கூட அப்படியே."

பூட்டுக்காரர் பகடை மட்டும்தான் உருட்டியிருந்தார்.

திருடனுக்காக ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.

திருடனோடு அவள்பாட்டுக்குப் பேசியதையெல்லாம், தன்மேல் இரக்கப்பட்டுச் செய்கிறாள் என்றே நினைத்திருந்தார்.

"சரிம்மா, விட்டுடறேன்" என்றார்.

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. பயம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. பதினோரு வருட சிநேகிதன், தன்னிடம் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? விளக்கணைத்து, பூட்டி, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு ஆட யாரும் இல்லை. ஆனாலும் கால் கேட்டால்தானே? மூன்று மணிக்கு வந்து, பூட்டைத் திறந்தார்.

அட்டைத் தடுப்பு திரும்பியிருந்தது.

அவருடைய நாற்காலி இப்போது ஆடுகிறவர் பக்கம். அதற்கு முன்னால், ஆடுகிறவரின் பாத்திரத்தை எழுதுகிற ஒரு புதுத் தாள். மேலே, உறைகளில் தபால்காரர் முகவரி திருத்துகிற அந்தச் சாய்ந்த கையெழுத்தில், 'பூட்டுக்காரன்'.

ஓடியிருக்கலாம், கதவு திறந்துதான் இருந்தது.

உட்கார்ந்தார்.

தடுப்புக்குப் பின்னால் பகடை உருண்டது.

ஒரு இருமல்.

"பூட்டின கதவு முன்னாடி நிக்கிறே. என்ன பண்றே?"

பதினோரு வருடத்தில் யாரும் அவரைக் கேட்டிராத கேள்வி அது.