உப்பு கொட்டிய ஜாடி

ஜாடி சத்தம் போடவில்லை.

அமலி விரல் முட்டியை மடக்கி மறுபடியும் தட்டினாள். பதினொரு வருடமாகச் சீனத்து நீல வெள்ளைப் பீங்கானைத் தேடித் தேடிச் சேர்க்கிறவள். நல்ல பீங்கான் கிணீரென்று பாடும், கீறல் விட்டது டொக்கென்று இருமும் என்பது அவள் காதுக்குப் பாடம். இது பாடவும் இல்லை, இருமவும் இல்லை. வயிற்றில் நீல டிராகன் சுருண்டு கிடந்த, ஒரு முழம்கூட உயரமில்லாத அந்த ஜாடியில் முட்டி பட்டது தெரிந்தது. பட்ட சத்தம் மட்டும் எங்கோ போய்விட்டது.

முந்தின நாள்தான் தொண்டாமுத்தூரில் ஒரு தோட்டத்து வீட்டில் வாங்கினாள். விளிம்பு வரை கல்லுப்பு நிரப்பி அடுப்படி மூலையில் வைத்திருந்தார்கள். உள்ளே விரிசல் இருக்கிறதா, அடியில் சீன முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? உப்பைக் கொட்டச் சொன்னாள். அந்த வீட்டுக் கிழவி மாசாணியம்மாள் ஓடிவந்து ஜாடியின் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பேச்சில்லை. தலையை மட்டும் வேகவேகமாக ஆட்டினாள், கண்ணில் நீர் முட்ட.

"ஆத்தாளுக்குப் பேச்சு வராதுங்க அம்மணி. வயசுப்புள்ளையா இருக்கறப்ப ஒரு நாள் திடீர்னு நின்னுபோச்சாமுங்க," என்றான் மகன் அப்புசாமி, தாயின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடி. "உப்பக் கொட்டுனா லட்சுமி போயிரும்னு பயம். நீங்க கொட்டுங்க."

"எங்க ஊட்டுல லட்சுமி இல்லீங்க, மாதாதான்," என்று அமலி சிரித்தாள். சாக்கில் உப்பு சரசரவென்று இறங்கியது. கடைசிப் பிடி விழுந்தபோது சத்தமே இல்லை. அவள் கவனித்திருக்கலாம். பாவம், முத்திரையைக் கண்ட சந்தோஷத்தில் இருந்தாள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோவை ஆர்.எஸ்.புரத்தில் அமலியின் வீடு. கணவன் சின்னப்பராஜ் கோயில் கூட்டத்துக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேலி செய்தான்: "அந்த ஜாடி என்னைய மொறைக்குதுடி. நான் வாரதுக்குள்ள அதுக்கொரு முக்காடு போட்டுடு."

அவன் போன பிறகுதான் வீட்டின் சத்தங்கள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. முதலில் சுவர்க்கடிகாரம்: ஊசல் ஆடியது, டிக்டிக் இல்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது, எப்போதும் போடும் முனகல் இல்லை. அடுப்படியில் குக்கரின் வெயிட் துள்ளித் துள்ளி ஆடுவதும், ஆவி பீய்ச்சியடிப்பதும், கறி மசாலாவின் காரம் மூக்கில் ஏறுவதும் எல்லாம் இருந்தன, விசில்தான் இல்லை.

அமலி ஜாடியின் வாயில் காதை வைத்தாள்.

அங்கே இருந்தது எல்லாம். கடிகாரம், மின்விசிறி, குக்கர் விசில், கிணற்றின் ஆழத்தில் கேட்பதுபோல். அவற்றுக்கும் கீழே, வயதுப் பெண் ஒருத்தியின் அழுகை.

"ஆத்தா... என்னைய வெளிய எடு, ஆத்தா..."

தொண்டாமுத்தூரில் ஜாடியைப் பொத்திய அந்தக் கைகள் நினைவுக்கு வந்தன. யார் குரல் என்று தெரிந்தது. ஏன் உப்பு என்று தெரிந்தது: ஜாடி இன்னொரு குரலை விழுங்காமல் அதன் வாயை அடைக்க. அமலி அடுப்படிக்கு ஓடி உப்புப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தாள்.

திரும்பியபோது மகள் டெய்சி ஜாடியருகே நின்றிருந்தாள். ஆறு வயது. தொட்டியோ கிணறோ, ஆழமாக எதைக் கண்டாலும் குனிந்து கூப்பிட்டுப் பார்க்கிற பிள்ளை.

"கண்ணு, கிட்டப் போகாத!"

கத்தினாள். தொண்டை எரிந்தது. சத்தம் வரவில்லை.

டெய்சி குனிந்தாள். உதடு குவிந்தது. ஓ.

நிமிர்ந்தாள். ஏதோ சொன்னாள். வாய் மட்டும் அசைந்தது.

குரல் ஜாடிக்குள்ளிருந்து வந்தது.

"அம்மா, இங்க இருட்டா இருக்குது."

உப்பு கீழே விழுந்தது. இப்போது நிரப்பினால் பிள்ளையின் குரல் அல்லவா அடியில் புதைந்துபோகும். அமலி கையை உள்ளே விட்டாள்.

மணிக்கட்டு. முழங்கை. குளிர்ந்தது. தோள் விளிம்பில் இடித்தது. இன்னும் அடி தட்டவில்லை.

சுவரோரம் டெய்சி நின்றிருந்தாள். இரண்டு உள்ளங்கைகளாலும் வாயை இறுக்கிப் பொத்தியபடி, கண் இமைக்காமல்.

ஜாடிக்குள்ளே, ஐந்து சின்ன விரல்கள் அமலியின் ஆள்காட்டி விரலைப் பற்றிக்கொண்டன.

அவற்றின் மேல், மெதுவாக, பெரிய கை ஒன்று.