நான்கு படங்களிலும் ஒரே கோடு

துறைமுகப் படத்தின் அடியில் இருந்த பழுப்புக் கோட்டைச் சீதாலெட்சுமி சோடா உப்பு கரைத்த நீரில் துணியை நனைத்து மூன்று நாளாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அது போகவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தது.

போன டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, கிள்ளான் ஆற்றோரம் இருந்த ஒரு துரை வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். அவள் கணவன் பக்கிரிசாமி, ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, அங்கிருந்து சட்டமிட்ட நான்கு பழைய படங்களை வாங்கிவந்தார். துறைமுகம், கடற்கரைச் சாலை, கோயில் குளம், குதிரை வண்டி நிற்கும் முனை. எல்லாம் அவர் பையனாக இருந்த காலத்துச் சென்னைப் பட்டணம். பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸின் சின்னக் கூடத்தில் அவற்றைப் படிக்கட்டு போல ஏற்ற இறக்கமாக மாட்டிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை பெரிய கிராணி தேத்தண்ணிக்கு வரார். பாத்தா அசந்து போயிடுவார்” என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் துறைமுகப் படத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். காகிதம் காய்ந்த சருகு போல இருந்தது. ஆற்றுச் சேற்றின் வாடை மட்டும் குப்பென்று வந்தது. திரும்ப மாட்டியபோதுதான் மற்ற மூன்றையும் கவனித்தாள். உயரத்தில் இருந்த படத்தில் கோடு அடிவிளிம்பிலும், தாழ இருந்ததில் உச்சியிலும் ஓடியது. தையல் நூலை எடுத்துச் சுவரில் பிடித்துப் பார்த்தாள். நான்கிலும் ஒரே மட்டம்.

சாயங்காலம் தரையில் ஏற்றிய விளக்கு மூன்று தடவை அணைந்தது. மேசை மேல் வைத்தாள். அங்கும் அணைந்தது. அலமாரியின் உச்சியில் வைத்தபோது ஆடாமல் எரிந்தது.

“காத்து” என்றார் பக்கிரிசாமி.

“ஜன்னல் சாத்தித்தானே இருக்கு? அந்த வீட்டுல வெள்ளத்தப்போ ஆளுங்க இருந்தாங்களா?”

“எனக்கென்ன தெரியும்? ஏலத்துல அதெல்லாமா சொல்வாங்க?”

சனிக்கிழமை அவர் வேலைக்குப் போனதும் நான்கையும் கழற்றிக் கொல்லையில் சாய்த்து வைத்தாள். திரும்பி வந்தவர் அவற்றைத் தூக்கிவந்து மாட்டினார். கடைசி ஆணியைத் தட்டிவிட்டுச் சொன்னார்.

“ஆபீஸ்லயும் தலைவலி, வீட்டுலயும் தலைவலி. சுவரு ஈரம் இழுக்குது, அவ்வளவுதான் லா. வெள்ளையடிக்கச் சொல்றேன்.”

“கையால தொட்டுப் பாருங்க. ஈரமே இல்ல.”

அவர் தொடவில்லை. அவளுக்கு அழுகையைவிட எரிச்சல்தான் வந்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறாள். அதைக் கேட்கக்கூட இந்த வீட்டில் ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் மழை தகரக் கூரையில் கொட்டியது. கோடு இப்போது படங்களை விட்டு வெளியே வந்து வெறும் சுவரில் ஓடி, கதவைக் கடந்து, அலமாரியைச் சுற்றி, கூடத்தை முழுவதுமாக வளைத்திருந்தது. அவள் கழுத்து உயரம். நடந்தால் புடவைக் கொசுவம் காலைப் பின்னுக்கு இழுத்தது. விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தாள், காது அடைத்துக்கொண்டது. கடிகாரத்தின் டிக்டிக் நின்றது. மழை நின்றது. மூச்சு உள்ளே வர மறுத்தது. பதறி நிமிர்ந்தாள். எல்லாச் சத்தமும் திரும்பி வந்தது.

பக்கிரிசாமி கோட்டு மாட்டி, தலையைப் படிய வாரி, செய்தித்தாளோடு வந்தார். கோடு அவர் மார்புக்கு நேரே இருந்தது. படங்களுக்குக் கீழே போட்டிருந்த பிரம்பு நாற்காலியை இழுத்தார்.

“அதுல உக்காராதீங்க. வராண்டாவுல உக்காரலாம், வாங்க.”

“பெரிய கிராணி வர நேரத்துல மழைச் சாரல்லயா உக்காரச் சொல்ற? போய்த் தேத்தண்ணி போடு.”

உட்கார்ந்தார். கோடு அவர் மோவாய்க்கு நேரே இருந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவர் காலை நீட்டினார். தாளைப் பிரித்தார். ஒன்றும் ஆகவில்லை. தன் மேலேயே கோபம் பொங்க அவள் அடுப்படிக்குப் போனாள்.

தண்ணீர் கொதித்தது. தேயிலை போட்டாள். கூடத்தில் தாள் சலசலப்பது கேட்டது. ஒரு தடவை இருமினார். பிறகு சலசலப்பு இல்லை.

“என்னங்க?”

கோப்பையில் தேத்தண்ணியை ஊற்றினாள்.

“சர்க்கர போடவா?”

மழை மட்டும்.

கோப்பையோடு கூடத்து வாசற்படியில் வந்து நின்றாள். தரை காய்ந்து கிடந்தது. செய்தித்தாள் அவர் கையில் இல்லை. அது அவர் தலைக்கு மேலே, இப்போது அங்கே ஏறியிருந்த பழுப்புக் கோட்டின் மட்டத்தில், விரித்தபடி மெல்ல மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. படிய வாரிய முடி நிமிர்ந்து, இப்படியும் அப்படியும் அசைந்தது. மாட்டியிருந்த கோட்டு நுனிகள் விரிந்து எழும்பின. கண்கள் திறந்திருந்தன. அவளைத்தான் பார்த்தன.

அவர் வாயிலிருந்து ஒரு குமிழி வந்தது. ஆடி ஆடி மேலே ஏறியது. பழுப்புக் கோட்டின் மட்டத்தைத் தொட்டது. சத்தமில்லாமல் உடைந்தது.