ஒரு பட்டம், இரண்டு தலை

பிச்சாண்டி கண்ணயர்ந்த மறுநொடி கஜபதிக்குப் பொருளியல் தெரிய ஆரம்பித்தது.

தினமும் நடப்பதுதான். நிலாவின் தென்முனைப் பனிச்சுரங்கத்தில் இரண்டு ஷிப்ட். பிச்சாண்டி வேலை முடிந்து, சாப்பிட்டு, அரட்டையடித்துவிட்டுத் தன் அறையில் போய்ச் சாய்வான். அவன் குறட்டை விடத் தொடங்கியதும் இங்கே கஜபதியின் காதுக்குப் பின்னால் பதித்த அறிவுக்குமிழ் லேசாகச் சிலிர்க்கும். அதுவரை மேல்பல் தேய்ப்பதா கீழ்ப்பல் தேய்ப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்த ஆளுக்குத் திடீரென்று பணவீக்கம் பற்றி ஒரு கருத்து வந்துவிடும். வாயில் நுரையோடு அதை யாரிடம் சொல்வது? மனைவி அம்சவேணியிடம்தான்.

"சரி, துப்பிட்டு வந்து சொல்லு" என்பாள் அவள்.

அந்தக் காலத்தில் பட்டப்படிப்பு என்பது ஓர் அறிவுக்கட்டு. அதைக் குமிழுக்குள் இறக்கிவிட்டால் மூன்று வருடம் பழகப் பழக அது வளரும். கடைசியில் பரீட்சை. தேறினால் கட்டு அந்தத் தலையிலேயே நிலைத்துவிடும். ஆனால் பூமியிலிருந்த கல்லூரிகள் கேட்ட கட்டணத்துக்குச் சுரங்கத் தொழிலாளி மூன்று பிறவி எடுத்து உழைக்க வேண்டும். சங்கத்தின் செயலாளர் மெஹருன்னிசா அம்மாள் கல்லூரியின் சட்டத்தை வரி வரியாகப் படித்தார். 'ஒரு கட்டு ஒரு நேரத்தில் விழித்திருக்கும் ஒரே மூளையில்தான் இருக்கலாம்' என்றிருந்தது. அம்மாளுக்கு அது போதும். எதிரெதிர் ஷிப்ட்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலும் விழித்திருப்பது ஒரு மூளைதானே என்று வாதாடி, பல ஜோடிகளுக்கும் ஒரு பட்டத்தை இரண்டு பேருக்கெனப் பாதிப்பாதி விலையில் வாங்கிக் கொடுத்தார். ஒருவன் தூங்கினால் கட்டு மற்றவனுக்குப் போகும். பரீட்சை மட்டும் தனித்தனி.

நல்ல ஏற்பாடுதான். பங்காளி என்று ஒருத்தன் இல்லாதிருந்தால் இன்னும் நல்ல ஏற்பாடு.

கஜபதி படிக்கும் பாடம் கட்டோடு சேர்ந்து பிச்சாண்டிக்குப் போகும். பிச்சாண்டி புரிந்துகொண்டது கஜபதிக்கு வரும். கஜபதி ஒரு கடினமான அத்தியாயத்தோடு மல்லுக்கட்டலாம் என்று வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அது ஏற்கெனவே புரிந்திருக்கும். பேருந்தில் யாரோ எழுந்துபோன இருக்கையில் உட்கார்ந்த மாதிரி ஒரு சூடு. 'எனக்கு முன்னாடி அவனுக்குப் புரிஞ்சிடுச்சா?' என்று வயிறு எரியும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் கேன்டீனில் பாசி ரொட்டியின் விலை ஏன் ஏறுகிறது என்று பிச்சாண்டி விளக்கினான். தேவை, அளிப்பு, இடைத்தரகு என்று அவன் அடுக்க அடுக்க எல்லோரும் வாய் பிளந்தார்கள். மெஹருன்னிசா அம்மாளே கை தட்டினார்.

அம்சவேணி அறைக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னாள். "பிச்சாண்டி அண்ணன் இன்னாமா புட்டுப் புட்டு வச்சாரு தெரியுமா? எனக்கே புரிஞ்சிடுச்சு."

"அது நான் படிச்ச பாடம்டீ! ராவெல்லாம் நான் முட்டிமோதி ஏத்துனது. அவன் தூங்கி எழுந்து அவுத்து விடறான்."

"ரெண்டு பேரு படிப்புந்தானே?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. நீ படிச்சிருந்தா தெரியும்."

அம்சவேணிக்குப் படிக்க ஆசை இல்லாமல் இல்லை. அவளும் சங்க உறுப்பினர்தான். சந்தாவை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை. ஆனால் அவள் வேலை செய்யும் பாசிப் பண்ணையில் எல்லோருக்கும் ஒரே ஷிப்ட். எதிர் ஷிப்டில் ஆள் கிடையாது, ஆகவே பங்காளியும் கிடையாது, பட்டமும் கிடையாது. கஜபதி படிக்கும்போது பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் வைப்பாள். அவன் சத்தமாகப் படித்தால் மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

பொறாமை என்று சொன்னால் கஜபதி சண்டைக்கு வருவான். ஆனால் அது பொறாமைதான். அதற்கு வேறு பேர் வைக்க நமக்கென்ன தலையெழுத்து?

பரீட்சை வந்தது. முதலில் கஜபதி எழுதினான், நன்றாகவே எழுதினான். அடுத்த ஷிப்டில் பிச்சாண்டி எழுத வேண்டும். அதற்குள் கஜபதி தூங்கினால்தான் கட்டு அவனுக்குப் போகும். தேறியவர்களுக்கு மேல்தளத்துக் கண்ணாடி அறையில் மேற்பார்வை வேலை காத்திருந்தது. அங்கிருந்து பூமி தெரியும். பிச்சாண்டி சுரங்கத்துக்குள்ளே கிடக்க, தான் மட்டும் மேலே நாற்காலியில் சாய்ந்து பூமியைப் பார்ப்பதாகக் கஜபதி நினைத்துப் பார்த்தான். இனித்தது. தூக்கம் போயே போய்விட்டது. போதாததற்கு ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டையை வாயில் போட்டு மென்றான்.

பிச்சாண்டி ஓடிவந்து கதவை இடித்தான்.

"இன்னும் தூங்கலியா நீ? என் தலை காலி டப்பா மாதிரி கெடக்குது. பரீட்சைக்கு நேரமாவுது!"

"தூக்கம் வரலப்பா. நான் இன்னா பண்றது?"

"வாயில இன்னா?"

"பாக்கு."

பிச்சாண்டி குனிந்து மோந்து பார்த்தான். அவனுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "தங்கச்சி, நீயாவது சொல்லேன். இவன் படிக்காத நாள்லயும் நான் ஒக்காந்து படிச்சேன். எல்லாம் இவனுக்குந்தானே போச்சு?"

"நானா படிக்கல? நானா?" என்று கஜபதி எகிறினான்.

அம்சவேணி விளக்கைக் குறைத்தாள். "அண்ணே, கத்தாதீங்க. கத்துனா இன்னும் முழிச்சிக்கும். தட்டிக் குடுங்க."

பிச்சாண்டி வேறு வழியில்லாமல் கட்டிலில் உட்கார்ந்தான். பரம விரோதியின் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். கஜபதி திமிறினான். பிச்சாண்டி விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முதுகில் தட்டித் தட்டி, தன் பிள்ளைகளுக்குப் பாடிய தாலாட்டைக் கட்டைக் குரலில் எடுத்தான். "ஆராரோ ஆரிரரோ… கண்ணே நீ தூங்கித் தொலை… ஆராரோ…"

நிலாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் கஜபதியை யாரும் தட்டிக்கொடுத்ததில்லை. இரண்டாவது ஆராரோவிலேயே அவன் கண் சொருகிவிட்டது. பிச்சாண்டியின் குமிழ் சிலிர்த்தது. கஜபதியின் தலையைத் தலையணைமேல் போட்டுவிட்டுப் பரீட்சைக்கு ஓடினான்.

இரண்டு பேரும் தேறினார்கள். பிச்சாண்டிக்கு இரண்டு மதிப்பெண் கூட. கஜபதிக்குத் தேறிய சந்தோஷம் அரை நாள்கூட நிற்கவில்லை. அந்த இரண்டு மதிப்பெண் முள்ளாகத் தொண்டையில் நின்றது. பிச்சாண்டிக்கோ காப்பிக்கொட்டை வாசனை மறக்கவில்லை. கட்டு ஆளுக்கொரு பிரதியாக இரண்டு தலையிலும் நிலைத்தது. கதவுப் பலகையில் பேருக்குப் பின்னால் இரண்டெழுத்து ஏறியது. கண்ணாடி அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரே பூமியைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடொருவர் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மெஹருன்னிசா அம்மாள் பொதுக்குழுவைக் கூட்டினார். கல்லூரியின் பழைய சட்டம் பூமியில் காலாவதியாகிவிட்டதாம். இனிப் பங்கு வேண்டாம், ஷிப்ட் பார்க்க வேண்டாம். ஆளுக்கொரு முழுப் பட்டம், அதுவும் முன்பு பாதிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த விலையில். மன்றம் ஆரவாரித்தது. பாசிப் பண்ணைப் பெண்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். முதல் வரிசையில் அம்சவேணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு சம்பிரதாயம்" என்றார் அம்மாள். ஒரு காலத்தில் நிர்வாகம் பழைய ஆட்களின் மூச்சுக்காற்றுப் படியைச் சத்தமில்லாமல் பிடுங்கியதிலிருந்து சங்கத்தில் ஒரு விதி உண்டு. எந்தச் சலுகையை மாற்றினாலும் அதை ஏற்கெனவே பெற்றவர்கள் கை தூக்கிச் சம்மதிக்க வேண்டும். "பட்டதாரிகளே, கை தூக்குங்க."

கஜபதி கையைத் தூக்கத்தான் போனான். சத்தியமாகத் தூக்கத்தான் போனான். அப்போது அம்சவேணியின் பேருக்குப் பின்னால் அந்த இரண்டெழுத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தான். தாலாட்டு இல்லை, காப்பிக்கொட்டை இல்லை, பங்காளி இல்லை. வந்தாள், வாங்கினாள்! அடிவயிற்றில் பழைய எரிச்சல் மூண்டது. அவன் எழுந்தான். மூன்று வருடம் படித்தது அன்றுதான் முதல்முறையாகத் தடங்கலில்லாமல் வாயில் வந்தது.

"தோழர்களே, பொருளியல் என்ன சொல்லுது? அருமையா இருக்கிற பொருளுக்குத்தான் மதிப்பு. எல்லாரும் பட்டதாரின்னா, பட்டதாரிக்கு இன்னா மரியாதை? நாங்க பாதி மண்டையை வச்சிக்கினு கஷ்டப்பட்டுப் படிச்சவங்க. சும்மா கெடைச்சா படிப்போட தரம் கெட்டுடும். தரத்தைக் காப்பாத்தணும்!"

பட்டதாரிகள் பக்கத்தில் தலைகள் அசைந்தன. பின்வரிசையில் ஒருவன் துள்ளி எழுந்தான். பிச்சாண்டி!

"கஜபதி சொல்றது நூத்துக்கு நூறு. வழிமொழியறேன்!"

தூக்கப்பட்ட கைகள் போதவில்லை. தீர்மானம் தோற்றது. மெஹருன்னிசா அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பட்டதாரிகள் எல்லோரும் ஒருவருக்கொருவர் கை கொடுத்துக்கொண்டார்கள். பிச்சாண்டி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து கஜபதியைக் கட்டிக்கொண்டான். ஆயிரம் இருந்தாலும் படித்தவன் அருமை படித்தவனுக்குத்தானே தெரியும்! இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வாசலில் அம்சவேணி நின்றிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"படிச்சவங்க ரெண்டு பேரும் சேந்து சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வெளக்குங்க. எனக்குக் கெடைக்காமப் போனதுல ஒங்களுக்கு எவ்ளோ கூடிச்சு?"

கஜபதி வாயைத் திறந்தான். மூன்று வருடப் படிப்பையும் முதலிலிருந்து கடைசிவரை தலைக்குள் புரட்டிப் பார்த்தான். எந்த அத்தியாயத்திலும் பதில் இல்லை. பயந்துபோய் ஓரக்கண்ணால் பக்கத்தில் பார்த்தான். பிச்சாண்டியும் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான்.

அப்பாடா, அவனுக்கும் தெரியவில்லை. கஜபதிக்கு மனசு நிறைந்துபோயிற்று.