குடை பிடித்த எறும்பு

அவளுக்கு வீட்டில் எல்லோரும் வைத்திருந்த பெயர் ரேடியோ. காலையில் கண் திறக்கும்போதே வாயும் திறந்துவிடும். பள்ளிக்கூடத்தில் நடந்தது, நடக்காதது, நடந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று அவள் நினைத்தது எல்லாம் வரிசையாக ஒலிபரப்பாகும். சில நாள் அப்பா பக்கத்தில் வந்து, அவள் காதைத் திருகுவதுபோலப் பாவனை செய்து, "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன்" என்பார். ரேடியோ சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

சித்தி அதற்கு நேர் எதிர். அம்மாவின் தங்கையான அவள், அவர்கள் வீட்டு மாடி அறையில் இருந்துகொண்டு கதைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று பயப்படுகிறவள்போல இருப்பாள். ஆனால் பேனாவைக் கையில் எடுத்துவிட்டால் ஒரு தாளுக்குள் ஒரு தெருவையே கொண்டுவந்துவிடுவாள். ஜன்னலில் சட்டை காயப்போடும் தாத்தா இருப்பார். சைக்கிள் கூடையை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பூனை இருக்கும். ஒரே குழாயடியில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு வாளிகள்கூட இருக்கும்.

அதோடு, ஒவ்வொரு படத்திலும் எங்காவது ஓரிடத்தில் குடை பிடித்த எறும்பு ஒன்று ஒளிந்திருக்கும். மற்ற ஓவியர்கள் படத்தின் கீழே பெயரைக் கையெழுத்தாகப் போடுவார்கள். சித்திக்குத் தன் பெயரை அப்படி எழுதக் கூச்சம். அதனால் எறும்புதான் அவளுடைய கையெழுத்து.

கொஞ்ச நாளாகப் புத்தக வேலை எதுவும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு குழாய்க் கம்பெனி சித்தியை வேலைக்குக் கூப்பிட்டது. அவர்கள் விற்கும் குழாய்களையெல்லாம் படமாக வரைந்து கொடுக்க வேண்டும். நேர்க்குழாய், வளைந்த குழாய், கொஞ்சமாக வளைந்த குழாய் என்று காலையிலிருந்து மாலைவரை குழாய்தான். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். மாதம் பிறந்தால் சம்பளம் வருமே, போயேன் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

சித்தி தன் மனதில் இருந்ததை ரேடியோவிடம் மட்டும் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை சந்தையில கடை போடப் போறேன். என் படத்தை வாங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சா இதையே செய்வேன். ஒண்ணும் விக்கலைன்னா குழாய் வரையப் போயிடுவேன்."

"குழாய்ல எறும்பை எங்க ஒளிப்ப?"

"குழாய்ல எறும்பு இருந்தா யாரும் வாங்க மாட்டாங்க" என்றாள் சித்தி. சிரிக்கத்தான் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

ரேடியோவுக்கு அது பொறுக்கவில்லை. எறும்பு இல்லாத சித்தியை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 'நான் இருக்கும்போது விற்காமல் போய்விடுமா? சந்தையையே ஒரு கலக்குக் கலக்கிவிட மாட்டேனா?' என்று நினைத்துக்கொண்டாள்.

சந்தை நூலகத்துக்குப் பின்னால் இருந்த பெரிய முற்றத்தில் நடந்தது. வரிசையாக மேசைகள் போட்டிருந்தார்கள். சித்தி தன் படங்களைத் தடித்த தாளில் அச்சடித்துக் கொண்டுவந்திருந்தாள். நடுவில் வைத்திருந்த ரயில் நிலையப் படம் மட்டும் அச்சடித்தது இல்லை, அவள் கையால் வரைந்த அசல். விலைச் சீட்டுகளை எழுதியது ரேடியோ. சித்தியை விலை கேட்டால், "உங்களுக்குத் தோணுறதைக் குடுங்க" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்ப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

பக்கத்து மேசையில் ஓர் அண்ணன் சோப்பு விற்றுக்கொண்டிருந்தார். வருகிறவர்கள் சோப்பை எடுத்து மோந்து பார்த்தார்கள், வாங்கினார்கள், அப்படியே சித்தியின் மேசைப் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார்கள். ரேடியோ விடவில்லை.

"வாங்க, வாங்க. இது எங்க சித்தி வரைஞ்சது. இந்தத் தாத்தா சட்டை காயப்போடறார், பாருங்க. அந்தச் சட்டையில ஒரு பொத்தான் இல்லை. இந்தப் பூனைக்குக் கோபம். எல்லாப் படத்துலயும் ஒரு எறும்பு இருக்கும். இதுல இந்த ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி, அதுல வாளிக்கு அடியில, இதுல தொப்பிக்கு மேல."

"ஓ" என்பார்கள் வந்தவர்கள். அவள் விரல் போகும் இடமெல்லாம் பார்ப்பார்கள், தலையாட்டுவார்கள், "நல்லா பேசற பாப்பா" என்பார்கள். பிறகு போய்விடுவார்கள்.

இப்படியே நேரம் போனது. ரேடியோ இன்னும் சத்தமாக, இன்னும் வேகமாகச் சொன்னாள். வந்தவர்கள் இன்னும் வேகமாகப் போனார்கள். சோப்பு அண்ணனின் மேசை பாதி காலியாகிவிட்டது. சித்தியும் ரேடியோவும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தி விற்காத படங்களின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்தாள். அதைப் பார்க்கப் பார்க்க ரேடியோ இன்னும் கத்தினாள். கத்திக் கத்திக் குரல் கம்மிவிட்டது.

சோப்பு அண்ணன் இரக்கப்பட்டு ஒரு பெரிய மிட்டாயை நீட்டினார். தொண்டை காய்ந்து போயிருக்கும், வாயில் போட்டுக்கொள் என்றார். அது பல்லில் ஒட்டிக்கொள்ளும் ஜவ்வு மிட்டாய். ரேடியோ வாயில் போட்டு ஒரு கடி கடித்தாள், அவ்வளவுதான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் பையன் வந்து பூனைப் படத்தின் முன்னால் நின்றான். ரேடியோ தவித்துப் போனாள். மிட்டாயோடு மல்லுக்கட்டி, "எறும்பு இருக்கு" என்ற இரண்டு சொல்லை மட்டும் எப்படியோ வெளியே தள்ளினாள். எங்கே என்று சொல்வதற்குள் பல் மறுபடி ஒட்டிக்கொண்டது.

பையன் மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தான். சைக்கிள் சக்கரத்தைப் பார்த்தான். கூடையைப் பார்த்தான். அவனுடைய அப்பா வந்து நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்தார். அவன் அசையவில்லை.

"இருப்பா. எறும்பு இருக்காம். இன்னும் கிடைக்கலை."

"எங்கடா?" என்று அப்பாவும் குனிந்தார். இரண்டு பேருமாகத் தேடினார்கள். தேடும்போது பூனையின் கோபத்தைப் பார்த்துச் சிரித்தார்கள், கூடையில் இருந்த மீனுக்கும் பூனைக்கும் என்ன தகராறு என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் பையன்தான் சைக்கிள் மணிக்குப் பின்னால் குடையின் நுனியைக் கண்டுபிடித்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தப் படத்தை விட்டுவிட்டு வர மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றான். அவன் அப்பா சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு விற்ற முதல் படம் அது. அந்தப் படத்துக்காக ரேடியோ சொன்னதே இரண்டு சொல்தான்.

மிட்டாய் கரைகிறவரை அவள் யோசித்தாள். காலையிலிருந்து எல்லோருக்கும் எறும்பைக் காட்டிக் கொடுத்தது யார்? அவள்தான். தேடுவதற்கு எதையுமே மிச்சம் வைக்கவில்லை. எறும்பைப் பார்த்தவுடன், இங்கே இனி என்ன வேலை என்று அவர்களும் போய்விட்டார்கள். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மிட்டாய் கரைந்த பிறகும் அவள் பேசவில்லை. ஓர் அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி மேசை முன்னால் நிற்க வைத்தாள்.

'ஒவ்வொரு படத்திலும் குடை பிடித்த எறும்பு ஒன்று இருக்கிறது. எங்கே என்று சொல்ல மாட்டோம்.'

சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு அக்காமார் எறும்புக்குப் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தபோது, அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆளுக்கு ஒரு படம் வாங்கினார்கள். பார்த்தவர்கள் நின்றார்கள், நின்றவர்களைப் பார்த்து இன்னும் பல பேர் வந்தார்கள். சோப்பு அண்ணனே தன் மேசையை விட்டுவிட்டு வந்து வாளிப் படத்தில் தேட ஆரம்பித்தார்.

அப்போதுதான் கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்தார். அவர் ஒரு பல் டாக்டர். தன் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் அறைக்குப் படம் வேண்டும் என்றார். வருகிற பிள்ளைகள் உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிடுகிறார்களாம். இப்படித் தேடுகிற படம் இருந்தால் அழ மறந்துவிடுவார்கள் இல்லையா என்று கேட்டுக்கொண்டே, நடுவிலிருந்த ரயில் நிலையப் படத்தைக் கையில் எடுத்தார்.

அவர் தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். பெட்டி தூக்குகிறவர் காலடியில் பார்த்தார். கடிகாரத்தில் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். சுற்றி நின்றவர்களும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ரேடியோவும் மெதுவாகப் பார்த்தாள். மற்ற எல்லா எறும்பும் அவளுக்கு மனப்பாடம், இது மட்டும் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அவள் சித்தியைத் திரும்பிப் பார்த்தாள். சித்தியின் முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அதுல போடவே இல்லை" என்று சித்தி அவள் காதில் கிசுகிசுத்தாள். "கடைசியாத்தான் எறும்பு போடுவேன். அதை முடிக்கிற நேரத்துல குழாய்க் கம்பெனியில இருந்து போன் வந்துச்சு. அப்படியே எழுந்து போயிட்டேன். இப்ப என்னடி பண்றது? அட்டையை எடுத்துடலாமா? படத்தை உள்ள வச்சுடலாமா?"

அட்டையை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த டாக்டர் இவ்வளவு நேரம் நம்பிக்கையோடு தேடியிருக்கிறாரே. ரேடியோ மேசையைச் சுற்றிக்கொண்டு நேராக அவரிடம் போனாள்.

"தேடாதீங்க டாக்டர். அதுல எறும்பு இல்லை. சித்தி போட மறந்துட்டாங்க. தப்பு எங்களோடது."

டாக்டரின் முகம் சுருங்கியது. பிடித்துப்போன படத்தை அவர் மெல்ல மேசைமேல் வைத்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். சித்தி ஓடிப்போய்விடலாமா என்பதுபோல வாசலைப் பார்த்தாள்.

ரேடியோ சித்தியின் பையைத் திறந்தாள். கறுப்பு மைப் பேனாவை எடுத்தாள். சித்தியின் கையில் வைத்தாள்.

"இப்பவே போட்டுடலாம்" என்று டாக்டரிடம் சொன்னாள். "எங்க ஒளியணும்னு நீங்களே சொல்லுங்க. சத்தமா சொல்லாதீங்க, எல்லாருக்கும் தெரிஞ்சுடும். சித்தி காதுல சொல்லுங்க."

டாக்டரின் முகம் மலர்ந்தது. குனிந்து சித்தியின் காதில் என்னவோ சொன்னார். அதைக் கேட்டதும் சித்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

கூட்டம் மேசையை நெருக்கிக்கொண்டு நின்றது. இத்தனை பேர் பார்க்கும்போது சித்தியின் கை நடுங்கும் என்று ரேடியோ பயந்தாள். நடுங்கவே இல்லை. இடது கையால் மறைத்துக்கொண்டு, வலது கையால் நாலைந்து கோடு போட்டாள். கையை எடுத்தபோது எறும்பு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டர் மட்டும் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இது என்ன விலை?" என்று கேட்டார். அது அசல் என்பதால் ரேடியோ அதற்கு மட்டும் சீட்டு எழுதாமல் விட்டிருந்தாள். சித்தி தரையைப் பார்க்கப் போகிறாள் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்தி நிமிர்ந்து, டாக்டரின் முகத்தைப் பார்த்து, விலையைச் சொன்னாள். நல்ல விலைதான். குரல் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. டாக்டர் மறுபேச்சு பேசாமல் சம்மதித்தார். அதோடு விடாமல், காத்திருக்கும் அறையின் சுவர் முழுக்க ஒரு படம் வரைந்து தர முடியுமா என்றும் கேட்டார்.

"முடியும்" என்றாள் சித்தி. "அதுக்கு ஒரு எறும்பு பத்தாது. ஒரு குடும்பமே வேணும்."

அதன் பிறகு மேசை முன்னால் எள் போட்டால் எள் விழாது. எல்லோருக்கும் தங்களுக்கென்று ஓர் எறும்பு வேண்டும், அதுவும் காதில் சொல்லித்தான் வேண்டும். அச்சடித்த படங்களிலும் சித்தி கையாலேயே இன்னோர் எறும்பை ஒளித்துக் கொடுத்தாள். காலையில் "ஓ" என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் சிலர்கூடத் திரும்பி வந்தார்கள். அவர்களிடம் ரேடியோ எதையும் காட்டிக் கொடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோகக் காலிப் பையும் அட்டையும்தான் இருந்தன.

திங்கட்கிழமை சித்தி குழாய்க் கம்பெனிக்குப் போன் செய்தாள். ரேடியோ மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள். கூப்பிட்டதற்கு நன்றி என்றும், தனக்கு நிறைய வேலை இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுச் சித்தி போனை வைத்தாள். கீழே அம்மாவும் அதைக் கேட்டாள். மாடியில் இருந்த வாளிப் படத்தின் அசலைச் சித்தியிடம் கேட்டு வாங்கி, அவள் அதற்குள் தன் அறைச் சுவரில் மாட்டியிருந்தாள்.

அன்று மாலை சித்தி ஒரு புதுப் படத்தை ரேடியோவிடம் நீட்டினாள். அதில் ஒரு சந்தை, நிறைய மேசைகள், நிறையக் கூட்டம். நடுவில் ஒரு சிறுமி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணை உருட்டிக்கொண்டு நின்றாள்.

ரேடியோ சந்தோஷத்தில் குதித்தாள். பிறகு எறும்பைத் தேடினாள். சோப்புக்கு அடியில் பார்த்தாள், மேசைக்குக் கீழே பார்த்தாள், படத்தில் இருந்த சிறுமியின் பின்னலில் பார்த்தாள். சாப்பிடும்போதும் தேடினாள், அப்பாவைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னாள். கிடைக்கவே இல்லை.

"சித்தி, எங்க இருக்குன்னு எனக்கு மட்டும் சொல்லு."

சித்தி பேனாவை மூடி வைத்துவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்ல மாட்டேன்."