அறுத்தெறிந்த கைப்பிடி

ஸ்பிரிங் தராசின் முள் ஆறு கிலோவில் நின்றிருக்க வேண்டும், நாலில் நின்றது.

சங்கரசுப்பு கொக்கியைக் கழற்றித் தராசை உதறி, மறுபடியும் கைப்பிடியில் மாட்டி இழுத்துப் பார்த்தான். நாலுதான். நேற்று இதே அளவு கடலையைக் கொட்டி இழுத்தபோது ஆறுக்கு ஒரு நூல் குறையவில்லை.

கடலைத் தொலி உடைக்கிற இயந்திரம் அது. மேலே கடலை கொட்ட மரப்பெட்டி, உள்ளே ரப்பர் பட்டை போட்ட உருளை, அடியில் சல்லடை. ஒரு பக்கம் கைப்பிடி, மறுபக்கம் கனத்த இரும்புச் சக்கரம். மெக்கானிக்கல் கடைசி வருஷப் புராஜெக்டுக்காக அவனும் வகுப்புத் தோழன் தாவீதும் மூன்று மாதமாக வரைந்து, அறுத்து, பற்றவைத்துச் செய்தது. காலேஜ் ஒர்க்‌ஷாப்பில் இடம் கிடைக்காததால் சங்கரன்கோவிலுக்கே கொண்டுவந்து, சிவனாண்டி அண்ணாச்சியின் லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை வெளியூரிலிருந்து பரிசோதகர் வருகிறார். ஒரு ரீடிங் பொய்யென்று தெரிந்தாலும் இன்னொரு வருஷம்தான் என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். சங்கரசுப்பு வேலைக்குப் போய்விடுவான் என்ற நம்பிக்கையில் வீட்டில் தங்கைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, தராசு கோளாறா?"

கடையநல்லூர் போகச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்த சிவனாண்டி திரும்பிப் பார்த்தார். "காலையிலதான் படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பாத்தேன். தராசு சுத்தமா இருக்கு தம்பி. நீங்க மெஷின்ல என்னத்த மாத்துனீய?"

மாற்றியது ஒன்றுதான். அந்தச் சக்கரம் பழைய இரும்புக் கடையில் வாங்கியது. மூடிப்போன ஏதோ பஞ்சாலையில் கிடந்ததாம். எதிரெதிரே இரண்டு பேர் நின்று சுற்றுகிற மாதிரி அச்சின் இரண்டு நுனியிலும் கைப்பிடி இருந்தது. 'ஒரே ஆள் இயக்கும் இயந்திரம்' என்பது புராஜெக்ட் தலைப்பு. அதனால் சக்கரத்துப் பக்கக் கைப்பிடியை நேற்று சாயங்காலம் தாவீது ரம்பம் போட்டு அறுத்தெறிந்தான். பளு குறைய அது காரணமே இல்லை.

சிவனாண்டி போய்விட்டார். தாவீது கரிவலத்துக்குக் கடலை வாங்கப் போயிருந்தான். சங்கரசுப்பு நோட்டில் நாலு என்று எழுதி, பெட்டியை நிரப்பி மறுபடி இழுத்தான்.

இரண்டு.

அப்போதுதான் கரண்டு போனது. தெரு முழுக்க மதியத்திலிருந்து இரைந்துகொண்டிருந்த விசைத்தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தகரத்துக்கு அடியில் தேங்கி நின்ற நாலு மணி வெக்கையில் கடலை நொறுங்குகிற சத்தமும், அதற்கும் அடியில், ஒவ்வொரு சுற்றும் மேலேறும்போது யாரோ நெஞ்சைக் கொடுத்து அமுக்குவதுபோல ஒரு சின்ன முனகலும் கேட்டன. தன்னுடைய மூச்சுதான் என்று நினைத்தான். வாயை மூடி மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றினான்.

முனகல் நிற்கவில்லை.

பஞ்சுத் தூசி வாடை வந்தது. பச்சை வியர்வை வாடையும். சக்கரத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தான். அறுத்த அச்சு நுனி, அதன்மேல் விழுந்த வெயில், சுவர். அவ்வளவுதான்.

ஓடிவிடலாம். ஓடினால் திங்கட்கிழமை எதைக் காட்டுவது? தராசை மாட்டினான். முள் பூஜ்யத்துக்குப் போனது. கொக்கி தொய்ந்தது. அவன் இழுப்பதற்கு முன்னால் கைப்பிடி தானாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தது.

கையை எடுத்தான்.

விட்ட வேகத்தில் ஆறு சுற்று சுற்றி நிற்கும். அவன் போட்ட கணக்கு. ஆறு. பத்து. இருபது. நாற்பது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. மூட்டைச் சுமைக்காரன் நடைபோல ஒரே சீர்.

"ஏலே, ஆளில்லாம சுத்துது!" வாசலில் தாவீது. தோளில் கடலைச் சாக்கு, முகமெல்லாம் சிரிப்பு. "பேரிங்கு அம்புட்டு அருமையாவா உக்காந்திருக்கு?"

"தொடாதலே தாவீது. கிட்டப் போகாத."

"என்னத்துக்கு மக்கா இப்படி வெளிறிப்போயி நிக்க?"

சாக்கை இறக்கிவிட்டு, சக்கரத்தை நிறுத்த அந்தப் பக்கம் போய்க் கையை நீட்டினான். சக்கரம் நின்றது. சட்டென்று.

தாவீது சிரித்தபடியே கையை இழுத்தான். வரவில்லை. சிரிப்பு போனது.

"மக்கா. விடச் சொல்லுலே."

"யாரை?"

"என் கைய... விடச் சொல்லுலே!"

கைப்பிடி இருந்த வெற்றிடத்தை அவன் விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. புறங்கையில் தோல் குழிந்திருந்தது. நாலு குழி. மணிக்கட்டில் ஒன்று, பெருவிரல் அகலத்தில்.

சக்கரம் மெல்லக் கிளம்பியது. தாவீது குனிந்தான். நிமிர்ந்தான். குனிந்தான். தோள் மூட்டு நெரிந்தது. கத்த வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

சங்கரசுப்பு ஓடினான். பின்னாலிருந்து தாவீதின் இடுப்பைக் கட்டி இழுக்கக் கைகளை வளைத்தான்.

எட்டவில்லை.

கண்ணெதிரே தாவீதின் சட்டை ஒரு முழம் தள்ளித் தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. ஆனால் அவன் கைகள் எதையோ கட்டிக்கொண்டிருந்தன. அகலமான முதுகு. சூடாக. ஈரமாக. அவன் கன்னத்தின்மேல் விலா எலும்புகள் விரிந்து சுருங்கின.

அது குனிந்தது.

அவனையும் சேர்த்துக்கொண்டு நிமிர்ந்தது.